மரக்குடில் விடுதியில் ஓரிரவு

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். விசா அனுமதித்த 90 நாட்களில் 70 நாட்கள் கழிந்துவிட்டன. அதுவரை அவர் கண்ட சுவிற்சர்லாந்து, எமது நான்காம் மாடி வீட்டின் யன்னலுக்குள் அடங்கியது மட்டுமே. ஆகவே, உணவகமொன்றில் மேலதிக வேலை செய்து சேர்த்த பணத்தில், பேர்ண் மாநிலத்தின் காண்டர் பள்ளத்தாக்கில் தனியார் மரக்குடில் விடுதியொன்றில் இரண்டு இரவுகளுக்கு இடம் பதிவு செய்தோம்.

மலைவிடுதியில் வசதி குறைவு என்பதை நாம் அறியாதவர்களல்லர். 1863 இல் தொடங்கப்பட்ட சுவிஸ் அல்ப்ஸ் கழகத்தின் குடில்களிலும் பெரும்பாலும் பொதுப் படுக்கைதான். உள்ளுறையை நாமே கொண்டு செல்லவேண்டும். ஆனால் அங்கே அதனை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நாம் கண்ட விளம்பரப் படத்திலோ குடும்ப அறையும் எரியும் அடுப்பும் இருந்தன. கிடைத்தது, ஏணியால் ஏறவேண்டிய, 12 பேர் படுக்கும் பரண். 74 வயதுக்காரரால் ஏணி ஏறமுடியாது என்றோம். "இது மலை" என்றார் உரிமையாளர். விறகுக்குத் தனிக்கட்டணம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அறை எது, மேலதிகக் கட்டணம் எவ்வளவு என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறாதது எமது பிழையே.

இவற்றையெல்லாம் பொறுத்திருப்போம். வெளிநாட்டு விருந்தினரை விடுதிகள் பதிவு செய்வது இந்நாட்டுச் சட்டம். அதில் எமக்கு மனத்தாங்கல் இல்லை. ஆயின், அருகில் நின்ற ஜேர்மானியத் தம்பதியர் படிவத்தை நிரப்பியதுடன் போய்விட்டனர். அம்மாவின் கடவுச்சீட்டோ மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. காலையில் தருவாராம். கையை விட்டுப்போன ஒரு கடதாசிக்காக எத்தனை கந்தோர்களில் காத்துக்கிடந்தவர்கள் நாம்! வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அம்மா கீழே சமையலறை வாங்கில், குளிர்ச்சட்டையைப் போர்த்தபடி படுத்தார்.

"பங்கருக்குள்ள கிடந்து எழும்பின ஆக்களுக்கு இதென்ன தம்பி. ஆனால், அங்க ஒருத்தரும் காசு கேக்கேல்லை."

விடிந்ததும் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். இரண்டாம் இரவுக்கான பணம் திரும்பவில்லை. காண்டர்ஸ்ரெக்கிலிருந்து கேபிள் காரில் ஏறி, 1,578 மீற்றர் உயரத்திலுள்ள ஓஷினன் ஏரிக்குச் சென்றோம். 2007 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பகுதிக்குள் அடங்கும் ஏரி அது. அம்மா குனிந்து நீரில் கைவைத்தார். கீரிமலைக் கேணியை நினைத்திருக்கவேண்டும். "இது குளிக்கிற தண்ணியில்லை" என்று கையை உதறிச் சிரித்தார்.

திரும்பும் ரயிலில் கைப்பையை இரண்டு தடவை திறந்து பார்த்துக்கொண்டார்.