ஊர்ப் பெயரே முதலீடு: ஸ்பெயின் நாட்டு ரியோஹா ஒயின்

மளிகை வணிகர் இதழில் ஒயினைப் பற்றிக் கட்டுரையா என்று அன்பர்கள் வியக்க வேண்டாம். இது நம் கடையில் வைத்து விற்கும் சரக்கல்ல; குடிக்கச் சொல்லியும் எழுதவில்லை. ஓர் ஊர்ப் பெயரை விவசாயிகளும் வணிகர்களும் கூடிக் காப்பாற்றிய விதம் நாம் அறிய வேண்டியது.

விளையும் இடம்

ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கிறது ரியோஹா. வடபுறத்து மலைத்தொடர் கடலிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்கிறது. மேற்கே உள்ள ஆல்ட்டா, அலவேசா பகுதிகள் குளிர்ச்சியானவை; அங்கே ஒயினில் புளிப்பும் மணமும் நயமாக இருக்கும். கிழக்கே ஓரியென்ட்டல் பகுதியில் வெயில் கூடுதல். பழம் நன்கு கனிந்து ஒயினும் வீரியமாக இருக்கும்.

முக்கியத் திராட்சை டெம்ப்ரானியோ. ‘சீக்கிரம்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். மற்ற வகைகளுக்கு முன்பே பழுத்துவிடும். இதனுடன் கார்னாச்சா, கிராசியானோ போன்ற வகைகளையும் கலப்பதுண்டு.

பெயரும் போலியும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலாக்செரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரோடு அழித்தது. சரக்கில்லாமல் தவித்த போர்டோ வணிகர்கள் ரியோஹாவைத் தேடி வந்தனர். ஆரோ நகரின் ரயில் நிலையத்தைச் சுற்றிக் கிடங்குகள் எழுந்தன.

பெயர் வந்தால் போலியும் வரும். 1858இல் தொடங்கிய மார்க்கேஸ் தெ ரிஸ்கால் நிறுவனத்தாரின் காலிப் புட்டிகளில் மட்டச் சரக்கை ஊற்றி விற்றார்கள். நிறுவனத்தார் புட்டியைச் சுற்றிக் கம்பி வலை பின்னினர். வலையை அறுக்காமல் தக்கையைப் பிடுங்க முடியாது. இன்று அது அலங்காரமாக நிற்கிறது. அன்று அதுதான் பூட்டு.

தனி ஒரு நிறுவனத்தின் வலை ஊர் முழுவதற்கும் போதாது. 1925இல் ரியோஹா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 1991இல் ஸ்பெயினிலேயே முதலாவதாக அதனினும் உயர்ந்த தகுதி கிடைத்தது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அந்த வட்டாரத்திலேயே புட்டியில் அடைக்க வேண்டும். டேங்கரில் வெளியே கொண்டுபோய் அடைத்தால் ரியோஹா என்று எழுதக்கூடாது. மொத்தமாக வாங்கி அடைக்கும் வணிகத்துக்கு இது தடை என்று பெல்ஜியம் வழக்குத் தொடுத்தது. 2000 மே மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயினின் பக்கம் நின்றது. ஊரின் நற்பெயரைக் காக்கும் பொறுப்பு ஊராரிடமே இருப்பது நியாயம் என்பதே அதன் சாரம்.

லேபிள் சொல்லும் கணக்கு

ரியோஹாவின் பழமையான வழக்கம் 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயில் ஊற வைப்பது. அமெரிக்க ஓக் மரம் வெனிலா மணத்தைத் தரும். சிவப்பு ஒயினில் ‘கிரியான்சா’ என்றால் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்தது. அதில் ஓர் ஆண்டாவது பீப்பாயில். ‘ரெசெர்வா’வுக்கு 3 ஆண்டுகள். ‘கிரான் ரெசெர்வா’வுக்கு 5 ஆண்டுகள், அதில் 2 ஆண்டுகள் பீப்பாயில், 2 ஆண்டுகள் புட்டியில். கட்டுப்பாட்டு வாரியம் தரும் எண்ணிட்ட பின்லேபிளைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும். கடைக்காரர் வாய்ச்சத்தியம் செய்யத் தேவையில்லை.

எதனுடன் பொருந்தும்?

அந்த வட்டாரத்துச் சாப்பாட்டுடன்தான். கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் ஆட்டுக்குட்டி விலாத்துண்டுகளைச் சுடுவார்கள். கொழுப்புள்ள இறைச்சியோடு சேரும்போது ஒயினின் துவர்ப்பு மட்டுப்படும். உருளைக்கிழங்கும் சோரிசோ என்னும் மிளகாய்த்தூள் சேர்த்த பன்றித் தொத்திறைச்சியும் வேகவைத்த குழம்புக்கு இளம் ஒயினோ கிரியான்சாவோ போதும். சிவப்பு பீன்ஸ், சுட்டுத் தோலுரித்த சிவப்பு மிளகாய் ஆகியவையும் பொருந்தும். கிரான் ரெசெர்வா மென்மையானது. மசாலா அதிகமில்லாத வறுத்த ஆட்டிறைச்சியே அதற்குத் தகும். 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சியில் பரிமாறுவது நல்லது.

நமக்கு என்ன?

மஞ்சளையும் மிளகாயையும் ஊர்ப் பெயர் சொல்லித்தான் நாமும் விற்கிறோம். ஒருவர் வேறூர்ச் சரக்கைக் கலந்தால் அன்றைக்கு அவருக்கு நாலு காசு கூடும். நாளைக்கு அந்த ஊர்ச் சரக்கு முழுவதற்கும் விலை இறங்கும். மூட்டையின் மேல் எழுதிய ஊர்ப் பெயர் நம் எல்லோருக்கும் பொது முதல். அதில் கை வைப்பது பங்காளியின் பெட்டியில் கை வைப்பதற்குச் சமம்.