வளவுக்கு ஏற்ற சேவல்

தம்புள்ளையிலிருந்து கண்டலமப் பக்கம் காலையில் வெளிக்கிட்டால், பற்றைக்குள்ளிருந்து காட்டுச் சேவல் ஒன்று வீதிக்குக் குறுக்கே ஓடுவதைக் காணக்கூடும். செம்மஞ்சள் கழுத்து, கருநீலம் மின்னும் வால், சிவந்த கொண்டையின் நடுவே ஒரு மஞ்சள் திட்டு. உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் இதுதான் நாட்டின் தேசியப் பறவை. வளவுக்குள் கிளறித் திரியும் ஊர்க்கோழிக்கு இது உறவுதான், ஆனால் மூதாதை அல்ல. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை ஆசியாவின் செங்காட்டுக்கோழி. காட்டை ஒட்டிய வீடுகளில் இரண்டும் கலந்து குஞ்சு பொரிப்பதும் உண்டு. அழகில் மயங்கிக் காட்டிலிருந்து குஞ்சு பிடித்து வர நினைக்க வேண்டாம். அது சட்டப் பாதுகாப்பில் உள்ள பறவை. நமக்கு வேண்டிய சேவல் நம் அடைக்கோழியின் பின்னாலேயே வளர்கிறது.

அது எந்தக் குஞ்சு என்பதுதான் முதல் சிக்கல். கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பேடு என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், உண்மை இல்லை. குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாய்க்கோழியின் சினைமுட்டையில் உள்ள நிறப்புரி. ஓடு பிறகுதான் உருவாகிறது. அதன் வடிவத்துக்கும் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதற்கும் தொடர்பில்லை. ஒருநாள் குஞ்சின் கழிவாயைப் பார்த்துப் பால் பிரிக்கும் முறையை 1920களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வகுத்தார்கள். அது பெரிய பொரிப்பகங்களில் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. வீட்டில் முயன்றால் குஞ்சு செத்துப்போகவும் கூடும்.

பொறுத்திருப்பதே நல்லது. ஆறு முதல் எட்டு வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டையும் தாடியும் பெருத்துச் சிவக்கத் தொடங்கும், கால் தடிக்கும். ஊர்க்கோழியில் பல இரத்தம் கலந்திருப்பதால் இதில் ஏமாறவும் இடமுண்டு. சில பேடுகளுக்கும் கொண்டை சீக்கிரம் எழும். நான் அதிகம் நம்புவது மூன்றாம் மாதத்தில் வாலின் அடியில் முளைக்கும் இறகுகளை. சேவலுக்கு அவை ஒடுங்கிக் கூராக, பளபளவென்று இரு பக்கமும் தொங்கும். பேட்டுக்கு நுனி வட்டமாகவே இருக்கும். இதைப் பார்த்த பிறகு கூவும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி. பலரும் பெரிய உடம்புக்காரனையோ, முந்திக் கூவியவனையோ தெரிவு செய்கிறார்கள். இரண்டும் குணத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. கூவுதல் பெரும்பாலும் உள்ளுடல் கடிகாரத்தின் வேலை. 2013இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மங்கலான ஒரே வெளிச்சத்தில் வைத்தாலும் சேவல்கள் விடியும் நேரத்தைக் கணித்துக் கூவுவதைக் காட்டினார்கள். கூட்டத்தில் மூத்த நிலையில் உள்ளது முதலில் கூவ, மற்றவை வரிசைப்படி பின்தொடரும் என்பதையும் அவர்களே பிறகு கண்டார்கள். கோழிகளுக்குள் இப்படி ஒரு கொத்தல் வரிசை இருப்பதை நோர்வேக்காரரான ஷெல்டெரூப்-எப்பே 1921இலேயே எழுதிவிட்டார்.

குணத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள். நல்ல சேவல் புழு ஒன்றைக் கண்டால் தான் விழுங்காது. அதை எடுத்தெடுத்துக் கீழே போட்டு, தலையை ஆட்டி, 'டுக் டுக்' என்று பேடுகளைக் கூப்பிடும். வரிசையில் கீழே உள்ள இளஞ்சேவல், மூத்தது கேட்டு அடிக்க வருமென்று, சத்தம் இல்லாமல் தலையை மட்டும் ஆட்டிக் காட்டுவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தின்ன ஒன்றும் இல்லாமலே கூப்பிட்டு ஏமாற்றும் சேவல்களும் உண்டு. அதற்காக ஒன்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பிராந்து மேலே வட்டமிட்டால் ஒரு விதமாகவும், கீரியோ நாயோ தரையில் வந்தால் வேறு விதமாகவும் அபாயக் குரல் கொடுப்பதும் நல்ல அடையாளம். பக்கத்தில் பேடு இருந்தால்தான் பிராந்துக்கு அதிகமாகக் கத்தும், தனியே இருந்தால் பெரும்பாலும் மௌனம் என்பது 1980களில் சோதித்து அறிந்த செய்தி.

மனிதரிடம் மரியாதை வேறு கதை. இங்கேதான் அன்பு கெடுதல் செய்கிறது. தாயும் கூட்டமும் இல்லாமல் மனிதர் மடியிலேயே வளர்ந்த சேவல் குஞ்சு, மனிதரையும் கோழியாகவே எண்ணிக்கொள்கிறது. ஐந்தாறு மாதத்தில் உடம்பில் ஆண் சுரப்பு ஏறியதும், கூட்டத்தில் இன்னொரு சேவலிடம் நடந்துகொள்வதைப் போல நம்மிடமும் நடக்கிறது. ஆகவே பேடுகளைத் தடவி வளர்க்கலாம். சேவலைத் தாயோடும், இயன்றால் மூத்த சேவல் ஒன்றோடும் விட்டு, சற்றுத் தள்ளி நிற்பதே நல்லது. முரட்டுத்தனம் காட்டினால் மூத்த பேடுகளே கொத்திப் பாடம் படிப்பிக்கும்.

ஒற்றைச் சிறகைத் தாழ்த்தி உங்கள் காலை அரைவட்டமாகச் சுற்றி வந்தால், அது விளையாட்டு அல்ல, சவால். பேட்டிடம் அதே அசைவுதான் காதல். பின்வாங்கினால் தான் வென்றதாக நினைக்கும். உதைத்தாலோ சண்டையை ஏற்றதாகிவிடும். அவசரப்படாமல் அதை நோக்கியே நடந்து, அது விலகிப் போகும்வரை நில்லுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஓடினாலும் சேவல் அவரையே குறிவைக்கும்.

தீனுக்குச் சிரமம் இல்லை. குறுணல், தவிடு, தேங்காய்த் துருவல், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கழித்துப்போடும் கோவா இலை எல்லாம் ஆகும். முட்டையிடும் கோழிக்கான தீனை மட்டும் வளரும் குஞ்சுக்குப் போட வேண்டாம்; அதிலுள்ள மிகையான சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ராணிக்கெட் நோய்த் தடுப்பூசிக்கு மிருக வைத்தியரைக் கேளுங்கள். வெயில் ஏறும் மாதங்களில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அவசியம். கோழிக்கு வியர்க்காது, கொண்டை, தாடி வழியாகவும், மூச்சிரைத்தும் சூட்டை வெளியேற்றும்.

எட்டு, பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். பேடுகளின் முதுகில் இறகு உதிர்ந்தால் சேவல் கூடிவிட்டது என்று அர்த்தம். ஆனாலும் தெரிவு செய்வதற்காக இரண்டு மூன்று சேவல்களை ஒரு வயதுவரை வைத்துப் பார்த்து, பிறகே முடிவெடுங்கள். அதற்குப் பிறகும் ஆளைத் துரத்துவதைத் திருத்துவது கடினம். சின்னப் பிள்ளைகள் உள்ள வளவில் அதன் முள் கண் உயரத்துக்குப் பாயும். அதனோடு இணைந்த பேடுகளின் முட்டையை அடைக்கு வைக்கவும் வேண்டாம், மூர்க்கம் ஓரளவு பரம்பரையாகவும் வரும். விற்றால் குணத்தைச் சொல்லி விற்கவும். சட்டிக்கு அனுப்புவதிலும் எனக்கு ஆட்சேபமில்லை. ஒரு வயதுச் சேவல் இறைச்சி வேக நேரம் எடுக்கும், மத்தியானக் கறிக்கு வெள்ளெனவே அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.