தைரியமாய்க் கேட்போம், உண்மையாய் நடப்போம்

கர்த்தருக்குள் பிரியமான ஜெப பங்காளர்களே,

"எவ்வளவோ ஜெபித்தும் பதில் இல்லையே, எங்களிடத்தில் ஏதும் குறையோ?" என்று உங்களில் அநேகர் கேட்பதுண்டு. வியாதியஸ்தரின் கட்டிலண்டையில் நாங்களும் அப்படிக் கேட்டிருக்கிறோம்.

1 யோவான் 3:21, 22 வசனங்களை வாசித்துப் பாருங்கள். மனச்சாட்சி உறுத்தாதவன் கூச்சமின்றி தேவசமுகத்தில் நிற்கலாம் என்பதே அதன் கருத்து. நீதியாய் நடப்பது ஜெபத்துக்கு நாம் கொடுக்கும் விலையல்ல. தகப்பனிடத்தில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லாத பிள்ளையின் நிலை அது.

கெங்கவல்லியிலிருந்து பார்த்தால் ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், 1929-ம் ஆண்டு தமது 44-ம் வயதில் கடுங்காய்ச்சலால் மரித்தார். பிள்ளைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில். அவருடைய மனைவி ஈவ்லின் அம்மையார் ஜெபிக்காமலா இருந்திருப்பார்? அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் தேவனைவிட்டு விலகவில்லை, மலைகளையும் மறக்கவில்லை. ஏறக்குறைய 70 வயதில், மிஷன் ஓய்வு கொடுத்தபின், மீண்டும் மலையேறினார். 1974-ல் 95-ம் வயதில் மரிக்கும்வரை மலைஜனங்களுக்காகவே வாழ்ந்தார்.

அவர் ஜெபித்ததோடு நிற்கவில்லை. அந்நாட்களில் நரம்புச் சிலந்தி நோய் ஜனங்களை வாட்டியது. புழு வெளிவரும் காலோடு ஒருவர் கிணற்றில் இறங்கினால், அத்தண்ணீரைக் குடிப்பவர்களுக்கும் நோய் வரும். ஆகவே கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்ப அம்மையார் கற்றுக்கொடுத்தார். நம் தேசம் 2000-ம் ஆண்டில் இந்நோய் அற்றதாக அறிவிக்கப்பட்டது. முழங்காலும் வேண்டும், கல்சுவரும் வேண்டும்!

அறுவைச் சிகிச்சைக்குமுன் ஜெபிக்கிற நாங்கள் கருவிகளைச் சுத்திகரிக்காவிட்டால், அது விசுவாசமல்ல, தேவனைப் பரீட்சை பார்ப்பதாகும். ஏழையிடம் தேவையற்ற பரிசோதனைக்குப் பணம் வாங்கினால், எங்கள் ஜெபம் தொண்டையிலேயே நின்றுவிடும். வீட்டிலும் அப்படியே. வேலையாளின் கூலியை நிறுத்தி வைத்திருக்கிறோமா? சகோதரனோடு பேசாதிருக்கிறோமா? இன்றே சரிசெய்துவிட்டு முழங்காற்படியிடுவோம்.

சரிசெய்தும் பதில் தாமதிக்கலாம். அது தண்டனை என்று எண்ண வேண்டாம். கெத்செமனேயில் நம் ஆண்டவருடைய பாத்திரமும் நீங்கவில்லையே. பதில் எதுவானாலும் கேட்கிறவர் நம் தகப்பன். அதுவே நம் தைரியம்.

உங்கள் காணிக்கையை நாங்கள் உண்மையாய்ச் செலவிடும்படி எங்களுக்காக ஜெபியுங்கள். உங்களுக்காக நாங்களும் ஜெபிக்கிறோம்.

கர்த்தரின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்,
கெங்கவல்லி