அலை படுத்தால் ஆன்டெனாவும் படுக்கட்டும்

பொழுதுபோக்காக வானொலி இயக்கும் ஹாம் வானொலியாளர்களுக்காக இஸ்ரோ உருவாக்கியது 'ஹாம்சாட்'. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, கார்ட்டோசாட்-1 உடன் ஏவப்பட்ட இந்த 42.5 கிலோ செயற்கைக்கோள், 2014 ஜூலை வரை உழைத்தது. 435 மெகாஹெர்ட்ஸில் பேச்சை வாங்கி, 145 மெகாஹெர்ட்ஸில் தரைக்கு அனுப்பியது.

இத்தகைய சிறு செயற்கைக்கோள்களைக் கேட்பவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. தெளிவாக வந்த குரல் சட்டென்று தேயும். சில நொடிகளில் மீண்டும் ஓங்கும்.

காரணம், அலையின் அதிர்வுத் தளம் (முனைவாக்கம்) மாறுவதுதான். செயற்கைக்கோள் சுழல்கிறது, நாம் அதைப் பார்க்கும் கோணமும் மாறுகிறது. போதாக்குறைக்கு, அயனி மண்டலமும் பூமியின் காந்தப்புலமும் சேர்ந்து அந்தத் தளத்தைத் திருப்பிவிடுகின்றன. இதற்கு ஃபாரடே சுழற்சி என்று பெயர். அதிர்வெண் மூன்று மடங்கானால் இந்தத் திருப்பம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். அதனால் 145இல் தெரியும் தொல்லை 435இல் அவ்வளவாகத் தெரியாது.

படுக்கையாக அதிரும் அலைக்கு ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடித்தால் சிக்னல் நூறில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ சரியலாம். வட்டமுனைவாக்க ஆன்டெனா வைத்தால், நேர்முனைவாக்க அலை எப்படித் திரும்பினாலும் பாதி சக்தி நிச்சயம். கையில் கம்பிகள் வரிசையாக அமைந்த யாகி ஆன்டெனா மட்டும் இருந்தால்? குரல் தேயும்போது மணிக்கட்டைக் கால் வட்டம் திருப்புங்கள். பெரும்பாலும் அதுவே போதும்!