பலகைச் சுவர்: அளவு நாடாவுக்கு முன் ஈரத்தைப் பாருங்கள்

சுவருக்குப் பலகை அடித்துத் தர முடியுமா என்ற விசாரணை இப்போது எமது ஹார்ட்வெயார் கடைகளுக்கும் மரக்காலைகளுக்கும் வரத் தொடங்கியிருக்கிறது. கற்பிட்டி, கண்டக்குளிப் பக்கத்து விடுதிக்காரர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டில் உழைத்து வீட்டைப் புதுப்பிப்பவர்களும் கையடக்கத் தொலைபேசியில் படத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் இருப்பது ‘ஷிப்லெப்’ என்ற வகைப் பலகை. 2013 இல் ஆரம்பமான ‘ஃபிக்ஸர் அப்பர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிதான் இதனை உலகெங்கும் பிரபலமாக்கியது. பழைய அமெரிக்க வீடுகளில் சுவர்க் கடதாசிக்கு அடியில் மறைந்து கிடந்த சாதாரணப் பலகை அது என்பது வேடிக்கை.

பலகைச் சுவர் எமது மண்ணுக்குப் புதிதல்ல. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, தான் கண்ட ‘பத்தாலா’ நகரம் மரச் சுவராலும் மரக் கோபுரங்களாலும் சூழப்பட்டிருந்ததாக எழுதினார். அந்த நகரம் புத்தளமே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

ஷிப்லெப் பலகையின் சூட்சுமம் எளியது. பலகையின் ஒரு விளிம்பில் முன்பக்கத்துப் பாதிக் கனத்தையும், மறு விளிம்பில் பின்பக்கத்துப் பாதிக் கனத்தையும் சீவி எடுக்கிறார்கள். மேற்பலகையின் உதடு கீழ்ப்பலகையின் உதட்டின் மேல் விழுகிறது. கிடுகு வேயத் தெரிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலே உள்ளது கீழே உள்ளதை மூடினால் தண்ணீர் உள்ளே போகாது.

வியாபாரிக்குக் கை கடிப்பதும் இந்த உதட்டில்தான். 12 அடி அகலம், 10 அடி உயரமான ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். 6 அங்குலப் பலகையில் அரை அங்குலம் மேலேறினால் கண்ணுக்குத் தெரிவது ஐந்தரை அங்குலம். அப்படியானால் 22 வரிசை வேண்டும், அதாவது 264 அடி நீளப் பலகை. 6 அங்குலம் என்றே கணக்குப் போட்டவர் 20 வரிசைக்கு 240 அடி என்று விலை சொல்லியிருப்பார். குறைந்த 24 அடியும் அவருடைய பையிலிருந்து போகும். வெட்டுத் துண்டுகளுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 290 அடி வரும். ஆகவே சதுர அடிக்கு விலை சொல்பவர்கள் பலகையின் சதுர அடியா, சுவரின் சதுர அடியா என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஆனால் இதைவிடப் பெரிய நட்டம் சுவருக்குள்ளே இருக்கிறது. எமது கரையோரத்தில் பலகை கேட்பவர்களில் ஒரு பகுதியினர் அழகுக்காகக் கேட்பதில்லை. சுவரில் உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்து, பெயின்ட் நிற்காமல் போனதால் கேட்கிறார்கள். உப்புக் கலந்த மணலும் சவர்த் தண்ணீரும் கொண்டு கட்டிய சுவர், ஈரத் தடுப்புப் படை போடாத அத்திவாரம் என்றால் நிலத்து ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு மேலேறும். தண்ணீர் காய்ந்ததும் உப்பு பளிங்காக இறுகிப் பூச்சைத் தள்ளிவிடும். 2007 இல் உலக வங்கி நிதியுதவியுடன் ஆரம்பமான புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் எழுந்த வீடுகளும் இப்போது பூச்சைத் திருத்த வேண்டிய வயதை நெருங்குகின்றன. கேள்வி இன்னும் கூடும்.

ஈரச் சுவரின் மேல் பலகை அடித்தால் ஆறு மாதத்துக்கு எல்லோருக்கும் சந்தோஷம். அதன் பின் பூஞ்சணம், கறையான், பலகை வளைதல் என்று ஒவ்வொன்றாக வரும். பீ.வீ.சீ. பலகை ஊறாது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். எம்.டீ.எஃப். பலகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஊதிப் போகும். அடியில் ஈரத்தை மறைத்து விற்ற தானியக் குவியலின் கதை எமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

பரிசோதனைக்குச் செலவே இல்லை. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு பகலும் ஓர் இரவும் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கத்தில் நீர் முத்துக்கள் தெரிந்தால் சுவர் ஈரம். வெளிப்பக்கத்தில் என்றால் அறையின் காற்றுத்தான் ஈரம், ஜன்னலைத் திறந்தாலே பாதி வேலை முடியும். சுவர் ஈரமென்றால் முதலில் மேசன் பாஸை அனுப்புங்கள், ஓடாவியை அல்ல. இரண்டு வேலைக்கும் தனித்தனி மதிப்பீடு கொடுத்தால் வாடிக்கையாளர் சற்று முகம் சுளிப்பார். முதலாவதை மறுத்தால் இரண்டாவதை எடுக்காமல் விடுவதே இலாபம்.

காய்ந்த சுவரிலும் பலகையை நேரே அடிக்கக் கூடாது. 2×1 அங்குல ரீப்பைகளை நிலைக்குத்தாக, 2 அடிக்கு மேற்படாத இடைவெளியில் பொருத்த வேண்டும். தரையிலும் மேலேயும் அரை அங்குலம் திறந்துவிட்டால் பலகைக்குப் பின்னால் காற்று ஏறி இறங்கும். பலகை கிடையாக ஓடும்போது ரீப்பையையும் கிடையாக அடித்தால் காற்று அடைபட்டுப் போகும். பலகையின் பின்பக்கத்துக்கும் ஒரு கை பிரைமர் பூசிய பிறகே ஏற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்று பலர் விடுவது இதைத்தான். அதற்கு முன் ஒரு வாரமாவது அதே அறையில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிவிடுங்கள். வரிசைக்கு வரிசை ஒரு நாணயக் குற்றியின் கனம் இடைவெளி இருந்தால் மாரியில் பலகை ஊதினாலும் முட்டாது.

இந்துசமுத்திரக் கப்பல்கள் இரும்பாணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டதை இப்னு பதூதா எழுதியிருக்கிறார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும் என்பது அவர் தந்த காரணம். எமக்குக் காரணம் வேறு. மாம்புரியில் காற்றாலைகளைச் சுழற்றும் கச்சான் காற்று உப்பையும் கொண்டுவருகிறது. சாதாரண ஆணி அதில் துருவேறிப் பலகையில் கண்ணீர்க் கோடு போல வடியும். கடற்கரை விடுதிக்கு 316 தரத் துருப்பிடிக்கா உருக்கு ஆணியே பொருத்தம். 304 தரமும் காலப்போக்கில் தேயிலைச் சாயம் போலக் கறைபடும்.

எந்த மரம்? தென்னை முக்கோணத்தில் இருந்துகொண்டு இறக்குமதிப் பலகையைத் தேடுவது எமக்குப் பொருத்தமாகப் படவில்லை. 2022 இல் ரூபா சரிந்தபோது இறக்குமதிப் பொருளை நம்பியவர்கள் பட்ட பாடு மறந்திருக்காது. முதிர்ந்த தென்னையின் வெளிப்புறம் கடினமானது, நடுச் சோறு மென்மையானது. வெளிப்பகுதியை மட்டும் வாங்கிப் போரிக் மருந்தில் ஊறவைத்து உலர்த்தினால் உட்சுவருக்குத் தாராளமாகப் போதும். ஒன்று, வாள் விரைவில் மழுங்கும். கார்பைட் பல் வைத்த வாள் தேவை. பாரமற்ற பலகை வேண்டுமென்றால் லுணுமிதெல்ல இருக்கிறது. பலா என்றால், 1951 ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதியுடன் வெட்டப்பட்டதா என்று கேட்டுப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். கற்பிட்டியில் பட்டம் பூட்டிக் கடலில் சறுக்க வருபவர்களின் பருவம் மே முதல் ஒக்டோபர் வரையும், டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரையும். விடுதிகள் வேலைக்கு அறையைத் தருவது மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும்தான். நவம்பரும் வெறுமைதான், ஆனால் மாரி மழையில் பலகை அடிக்க முடியாது. வீட்டுக்காரர்களோ பெருநாளைக்கு முன் முடித்துத் தரச் சொல்வார்கள். 2027 இலும் நோன்பு பெப்ரவரியில் ஆரம்பமாவதால் இரண்டு கூட்டத்தாரும் அடுத்தடுத்து வந்து நிற்பார்கள். அந்தப் பலகை காய வேண்டுமென்றால் மரக்காலைக்கு டிசம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.