கம்பி அறுந்தால் திரை என்ன சொல்லும்?

எல்.இ.டி. போர்டுக்கும் வேண்டும் ஒரு 11-ம் எண் கூண்டு!

தூத்துக்குடி:

துறைமுகத்தில் 3-ம் எண் கூண்டு ஏறிவிட்டது என்றால் தூத்துக்குடியில் டீக்கடைக்காரருக்கும் அர்த்தம் தெரியும். 10-ம் எண் என்றால் பெரிய மனுஷருக்கும் குலை நடுங்கும். ஆனால் 10-க்கு மேலே இன்னொரு கூண்டு இருப்பது பலருக்குத் தெரியாது. அதுதான் 11-ம் எண்!

10-ஐ விடப் பெரிய புயல் என்று அதற்கு அர்த்தம் இல்லை. "புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்து போச்சு. மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக இங்குள்ள அதிகாரி கருதுகிறார்" என்பதே அதன் அர்த்தம்.

அதாவது, சேதி வரவில்லை என்பதையே ஒரு சேதியாக்கி, ஊர் பார்க்கக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள் அந்தக் காலத்து ஆட்கள்.

இன்று கம்பமும் கூண்டும் இருக்கும் கடற்கரைகளுக்கு மின்னணுத் திரைகளும் வந்துவிட்டன. கோவில் திருவிழாவில் திரை. பஸ் நிலையத்தில் திரை. நகைக்கடை வாசலில் ஓடும் எழுத்து. மீன்பிடித் துறைமுகங்களில் அலை, காற்று நிலவரம் சொல்லும் போர்டு. பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது.

ஆனால் கம்பி அறுந்தால் இந்தத் திரை என்ன சொல்லும்? இதுதான் கேள்வி.

வேட்டுச் சத்தமும் கூண்டும்

கடலுக்குப் போகிறவனுக்குக் கரையிலிருந்து சேதி சொல்வது இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இலங்கை முத்துக்குளிப்பின்போது, இரவில் பீரங்கி வேட்டுச் சத்தம் கேட்ட பிறகே படகுகள் கிளம்பும் என்று 1800-களின் தொடக்கத்தில் அங்கே இருந்த ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோனது. சங்குக்கு மூழ்குகிறவர்கள் மட்டும் மிச்சம்.

கூண்டின் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1864-ல் பெரும்புயல் அந்த நகரைச் சூறையாடியது. மறு ஆண்டே, 1865-ல், கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. 1898 முதல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரியான முறை ஆனது.

பகலில் கூம்பும் உருளையும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1-ம், 2-ம் எண்கள் புயல் சின்னம் தூரத்தில் இருப்பதைச் சொல்லும். 3-ம், 4-ம் எண்கள் இந்தத் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5, 6, 7 என்றால் ஆபத்து. 8, 9, 10 என்றால் பெரிய ஆபத்து. புயல் துறைமுகத்துக்கு இடது பக்கம் போகிறதா, வலது பக்கம் போகிறதா, நேராக வருகிறதா என்பதைக்கூட எண்ணே சொல்லிவிடும்.

இதில் எழுத்து கிடையாது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். கரண்ட் போனாலும் பகலில் கூண்டு கூண்டுதான்!

சதுர மீட்டருக்கு 30 ஆயிரம் விளக்கு

இப்போது திரைக்கு வருவோம். கடைவீதியில் சிவப்பு எழுத்து ஓடுகிறதே, அந்தப் போர்டைக் கடைக்காரர்கள் "பி-10" என்பார்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 10 மில்லி மீட்டர் தூரம் என்று கணக்கு. 32 செ.மீ. நீளம், 16 செ.மீ. உயரமுள்ள ஒரு துண்டில் 512 புள்ளிகள். இப்படித் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் பெரிய திரை ஆகிறது.

கலர் திரை என்றால் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்கு. அதே 10 மில்லி மீட்டர் இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு 10 ஆயிரம் புள்ளி, 30 ஆயிரம் விளக்கு!

இதில் நீல விளக்குதான் உலகத்தையே காக்க வைத்தது. சிவப்பும் பச்சையும் முன்பே வந்துவிட்டன. பளிச்சென்று எரியும் நீலம் 1990-களில்தான் கைக்கு வந்தது. அதைச் சாதித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்த பிறகே எல்.இ.டி. திரையில் முழு வண்ணப் படம் ஓடியது.

2025 ஜூலை 7-ந்தேதி திருச்செந்தூர் முருகன் கோவில் கும்பாபிஷேகத்தில் இந்தத் திரைகளின் உபயோகம் தெரிந்தது. லட்சக்கணக்கில் கூட்டம். எல்லோரும் கோபுரத்துக்குக் கிட்டே போக முடியுமா? தூரத்தில் நின்றவர்களும் பெரிய எல்.இ.டி. திரைகளில் பார்த்துக் கும்பிட்டார்கள்.

மூளை வேறு இடத்தில்!

திரை என்பது வெறும் முகம். மூளை வேறு இடத்தில் இருக்கிறது.

ஏதோ ஒரு அறையில் ஒரு கம்ப்யூட்டர். அதில் சேதியை அடிக்கிறார் ஓர் ஊழியர். அது அனுப்பும் கார்டு வழியாகக் கேபிளில் ஓடுகிறது. திரைக்குப் பின்னால் பெட்டிகளில் இருக்கும் வாங்கும் கார்டுகள் ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்து எடுத்துக்கொள்கின்றன. எந்த விளக்கு எரிய வேண்டும், எவ்வளவு எரிய வேண்டும் என்று கட்டளை போகிறது. வெயில் அடித்தால் வெளிச்சத்தைக் கூட்டவும், இருட்டினால் குறைக்கவும் தனியாக ஒரு சென்சார்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் போச்சு! தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊரில் அந்தப் பயம் இரட்டிப்பு. உப்பளக் காற்றில் சைக்கிள் கைப்பிடியே துருப்பிடிக்கும்போது, கார்டுகளும் இணைப்பு முனைகளும் எந்த மூலைக்கு? பெட்டியில் ரப்பர் அடைப்பு சரியாக இல்லாவிட்டால் கொஞ்ச காலத்தில் திரையில் அங்கங்கே கறுப்புக் கட்டம் விழும்.

பாட்னாவில் நடந்த கூத்து

கம்பி அறுவது ஒரு ஆபத்து என்றால், தவறான ஆள் கையில் கம்பி சிக்குவது இன்னொரு ஆபத்து.

2023 மார்ச் 19-ந்தேதி பாட்னா ரெயில் நிலையத்தில் பிளாட்பார டி.வி. திரைகளில் விளம்பரத்துக்குப் பதிலாகத் திடீரென்று ஆபாசப் படம் ஓடியது. பெண்டு பிள்ளைகளோடு நின்ற பயணிகள் கூனிக் குறுகினார்கள். சுமார் 3 நிமிடம் ஓடிய பிறகே நிறுத்தப்பட்டது. ரெயில்வே போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். திரைகளை நடத்திய தனியார் ஏஜென்சியின் ஒப்பந்தம் ரத்தானது.

அமெரிக்காவின் ஹவாய் தீவில் நடந்தது இன்னும் பயங்கரம். 2018 ஜனவரி 13-ந்தேதி காலையில், "ஏவுகணை வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள், இது ஒத்திகை அல்ல" என்று எல்லார் செல்போனுக்கும் டி.வி.க்கும் எச்சரிக்கை போனது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஏவுகணையும் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் நடந்த தவறு! "அது பொய்" என்ற மறுப்பு செல்போன்களுக்கு வந்து சேர 38 நிமிடம் ஆனது. சாலையோர மின்னணு போர்டுகளிலும் "ஆபத்து இல்லை" என்று எழுதிக் காட்டினார்கள்.

மீனவருக்கான போர்டு

நம் கடற்கரை சமாச்சாரம் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஐதராபாத்தில் "இன்காய்ஸ்" என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இருக்கிறது. 1999-ல் தொடங்கப்பட்டது. மீன் கூடும் இடம், அலையின் உயரம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் கணித்து, நாட்டின் பல மீன்பிடித் துறைமுகங்களில் மின்னணு போர்டுகள் மூலம் காட்டும் ஏற்பாட்டைச் செய்தது இதுதான். நல்ல வேலை. டீசல் மிச்சம், உயிருக்கும் காவல்.

ஆனால் போர்டு கரையில் நிற்கிறது. படகு கடலில் போகிறது. 2017 நவம்பர் 30-ந்தேதி ஒகி புயல் கன்னியாகுமரிக் கடலில் திடீரென வலுத்தபோது ஆழ்கடல் மீனவர்கள் பலர் நாட்கணக்கில் நடுக்கடலில் இருந்தார்கள். கரையில் எத்தனை போர்டு எரிந்தாலும் அவர்கள் கண்ணுக்கு எட்டுமா? எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. 2019-ல் "ஜெமினி" என்ற சின்னக் கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கும் எச்சரிக்கை அனுப்ப அது உதவும்.

அப்படியானால் கரையில் நிற்கும் போர்டு எதற்கு? கிளம்புவதற்கு முன் யோசிக்க வைக்க! விடிகாலையில் ஐஸ் ஏற்றிக்கொண்டு இருக்கும்போது, "இன்றைக்குக் காற்று எப்படி?" என்று நிமிர்ந்து பார்ப்பவருக்கு அது சரியான பதில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் கண்டம். கேபிள் முதல் நாள் மாலையே அறுந்திருந்தால் பல போர்டுகள் கடைசியாக வந்த சேதியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும். "கடல் அமைதி" என்று நேற்று வந்த வரி, இன்று காலையிலும் பளபளவென்று ஓடும். அணைந்த போர்டை யாரும் நம்ப மாட்டார்கள். பழைய சேதி ஓடும் போர்டைத்தான் நம்பி ஏமாறுவார்கள்!

வெள்ளத்தில் அணைந்த ஊர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப் போனதால் திருச்செந்தூர் ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் நடுவழியில் தவித்தனர். ஊர் ஊராகக் கரண்ட் போனது. செல்போன் ஊமையானது. சேதி மிக அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில் சேதிக்கான வழிகள் எல்லாம் அடைபட்டன.

அப்படிப்பட்ட நேரத்தில் கை கொடுப்பது எது? 2004 சுனாமியின்போது புதுச்சேரி அருகே நல்லவாடு கிராமத்தைக் காப்பாற்றியது சாதாரண ஒலிபெருக்கிதான். வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர் போனில் சொன்ன சேதியை மைக்கில் சொன்னார்கள். ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

திரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கூண்டுக்கு இருந்த புத்தி திரைக்கும் இருக்கட்டும் என்பதே கோரிக்கை.

இது முடியாத காரியமா? இல்லை. அமெரிக்காவில் சாலையோர மின்னணு போர்டுகளுக்கு என்.டி.சி.ஐ.பி. 1203 என்று ஒரு தர விதி இருக்கிறது. தொடர்பு அறுந்தால் என்ன காட்ட வேண்டும், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்க அதில் வழி உண்டு. அதாவது 11-ம் எண் கூண்டு, எலெக்ட்ரானிக் வடிவத்தில்!

பொது இடத்தில் திரை வைப்பவர்கள் ஒப்பந்தம் போடும்போதே இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்:

ஒன்று: ஒவ்வொரு சேதிக்கும் பக்கத்தில் அது வந்த தேதியும் மணியும் தெரிய வேண்டும்.

இரண்டு: குறித்த நேரத்துக்குள் புதிய சேதி வராவிட்டால் பழையது தானாக அழிந்து, "தொடர்பு இல்லை, துறைமுகத்தில் விசாரிக்கவும்" என்று வர வேண்டும்.

மூன்று: எச்சரிக்கை வந்தால் விளம்பரம் தானாக நிற்க வேண்டும். ஜவுளிக்கடை தள்ளுபடி அப்புறம் ஓடட்டும்.

நான்கு: கம்பெனிக்காரர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். எச்சரிக்கையை ஒருவர் அடித்தால், இன்னொருவர் சரிபார்த்த பிறகே திரைக்குப் போக வேண்டும்.

ஐந்து: பேட்டரி அல்லது ஜெனரேட்டர். அது தண்ணீர் எட்டாத உயரத்தில். பக்கத்திலேயே ஒரு ஒலிபெருக்கி.

இதற்கெல்லாம் ஆகும் செலவு திரையின் விலையோடு பார்த்தால் சொற்பம்தான். டெண்டர் எழுதும்போது நாலு வரி கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

திறப்பு விழாவில் திரை எரிகிறதா என்று மட்டும் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகக் கூடாது. எல்லோர் எதிரிலும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, திரை என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பரீட்சையில் பாஸ் ஆன போர்டை நம்பித்தான் மீனவர் வள்ளத்தைத் தள்ள முடியும்.