குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போறீங்களா? இந்தக் கணக்கை முதல்ல போடுங்க!

ஜப்பான்ல ஓபோன்னு ஒரு பௌத்தத் திருவிழா. பெரும்பாலான ஊர்கள்ல ஆகஸ்ட் 13 முதல் 16 வரைக்கும் நடக்கும். முன்னோர்கள் வீட்டுக்கு வர்றதா நம்பி விளக்கேத்துவாங்க, ஊரே வட்டமா நின்னு ஆடும். சில ஊர்கள்ல காகித விளக்கை ஆத்துல மிதக்கவிட்டு வழியனுப்புவாங்க. வேலைக்காக வெளியூர் போனவங்க எல்லாரும் ஊர் திரும்புறதால ரயில்ல இடமே கிடைக்காது.

எங்க பரளச்சிப் பக்கம் இதுக்கு மாசி சிவராத்திரி. குலதெய்வக் கோயில்ல ராத்திரி பூராவும் தீப்பந்தம், மேளம், சாமியாட்டம். பல குடும்பங்களுக்குக் குலதெய்வமே வாழ்ந்து மறைஞ்ச முன்னோர்தான்.

கல்யாணம் ஆனதும் என் பேரும் தலைக்கட்டு வரியில ஏறிடுச்சு. முதல் வருஷம் "லீவு இல்லப்பா"ன்னு போகல, பணமும் அனுப்பல. வரி பாக்கி நிக்கக்கூடாதுன்னு அம்மா கம்மலை அடகு வெச்சது எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் ரெண்டு பேரும் போனோம். செலவு இதுதான்:

- பஸ், போக வர: ரூ.5,600
- தலைக்கட்டு வரி: ரூ.2,000
- பொங்கல், பூஜைச் சாமான்: ரூ.1,900
- அப்பா அம்மாவுக்குத் துணி: ரூ.3,000

மொத்தம் ரூ.12,500. எல்லாத்துக்கும் கிரெடிட் கார்டுதான். மினிமம் டியூ மட்டும் கட்டினேன். மாசம் 3.5% வட்டின்னா முழுத் தொகைக்குச் சுமார் 437 ரூபாய், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. கம்மலை மீட்கணும்னு நினைச்ச பணம் வட்டிக்கே போச்சு.

இப்ப நான் செய்றது மூணே விஷயம்.

1. சம்பளம் வந்த மறுநாள் 1,050 ரூபாய் ஆர்.டி.க்குப் போயிடும். 12 மாசத்துல 12,600. வட்டி தனி.

2. ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். சிவராத்திரி தேதி காலண்டர்லயே இருக்கு. அன்னிக்கே அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் போட்டுடுவேன். கடைசி நேர ஆம்னி பஸ் கட்டணம் மிச்சம்.

3. கிடா வெட்டுனா பங்காளிகளோட முன்கூட்டியே பேசி செலவைப் பிரிச்சுக்குவோம். பணம் பத்தலைன்னா துணியைக் குறைப்பேன். வரியில மட்டும் கை வைக்கமாட்டேன்.

வரியை ஜீபேல அனுப்பிட்டு இங்கேயே இருந்துடலாமேன்னு கேப்பீங்க. முடியும்தான். ஆனா போன தடவை பெரியப்பா சாமியாடி முடிச்சு, என் நெத்தியில திருநீறு பூசிட்டு, "வந்துட்டியாப்பா"ன்னாரு. அதை யாரு அனுப்பிவைக்க முடியும்?

அம்மா கம்மலை மீட்டாச்சு. உங்க ஊர்ல தலைக்கட்டு வரி எவ்வளவு? கமெண்ட்ல சொல்லுங்க.